எழுத்துக் கூட்டியே நின்றுவிடும் குழந்தைகள்: டிஸ்லெக்சியா தமிழில் எப்படித் தெரியும்?

பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களில் ஒரு செய்தி வருகிறது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம் உள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. உரிய சான்றிதழுடன் விண்ணப்பிக்க வேண்டும். சேலத்தில் இதைப் படிக்கும் பெற்றோருக்கு இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. படிக்க வராமல் போவதற்கு இப்படி ஒரு காரணம் இருந்தால், பத்து ஆண்டுகளாக ஏன் யாரும் சொல்லவில்லை? அல்லது, படிக்கச் சோம்பல்படும் பிள்ளைகளுக்கு மருத்துவப் பெயர் ஒன்று சூட்டிவிட்டார்களா?

இரண்டுமே நியாயமான கேள்விகள். பத்தாம் வகுப்பில் தரப்படும் சலுகையிலிருந்து தொடங்கினால் அவற்றுக்குப் பதில் கிடைக்காது. ஒரு குழந்தை முதன்முதலில் எழுத்துக் கூட்டும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வாசிப்பு தானாக வருவதில்லை

பேச்சைக் குழந்தை கேட்டே கற்றுக்கொள்கிறது. வாசிப்பு அப்படி வருவதில்லை. மனிதர் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கப்பட்ட இடம் எதுவும் கிடையாது. உருவங்களை அடையாளம் காணும் பகுதி, ஒலிகளைப் பிரித்தறியும் பகுதி, பொருள் உணரும் பகுதி ஆகியவற்றைப் பயிற்சியின் மூலம் ஒன்றோடொன்று இணைத்தாக வேண்டும். அந்த இணைப்பு உறுதிப்பட்ட பிறகு, 'மாம்பழம்' என்ற சொல்லை நாம் எழுத்தெழுத்தாகக் கூட்டுவதில்லை. பார்த்த கணமே ஒலியும் பொருளும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

இதற்குக் குழந்தை செய்ய வேண்டிய முதல் வேலை காதின் வேலை. 'கல்', 'பல்' என்ற இரண்டு சொற்களில் முதல் ஒலி மட்டும் மாறுகிறது என்பதையும், 'படம்' என்ற சொல்லைத் துண்டுகளாகப் பிரிக்க முடியும் என்பதையும் அது உணர வேண்டும். இதை ஒலியியல் விழிப்புணர்வு என்கிறார்கள். இந்த உணர்வு இருந்தால்தான் கரும்பலகையில் உள்ள வடிவத்தை எந்த ஒலியோடு பொருத்துவது என்பது பிடிபடும்.

டிஸ்லெக்சியா என்பது என்ன?

சொற்களைச் சரியாகவும் சரளமாகவும் வாசிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும், போதிய கற்பித்தல் கிடைத்த பின்பும் நீடிக்கிற சிரமமே டிஸ்லெக்சியா. பெரும்பாலான குழந்தைகளிடம் இதன் வேர், பேச்சொலிகளைப் பிரித்துக் கையாள்வதில் உள்ள பலவீனம். வாசிக்கும்போது மூளையின் இடது பின்பகுதியில் நடக்க வேண்டிய செயல்பாடு இவர்களிடம் குறைவாக இருப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன. கையெழுத்திலும் எழுத்துவெளிப்பாட்டிலும் வரும் சிரமம் டிஸ்கிராஃபியா. எண்ணிலும் கணக்கிலும் வருவது டிஸ்கால்குலியா. மூன்றுக்கும் பொதுப்பெயர் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. ஒரே குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதும், கவனக்குறைவுக் கோளாறு சேர்ந்து வருவதும் சாதாரணம்.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் சோடைபோகாதவன், எண்களைத் தடையின்றி வாசிப்பவன். ஆனால் சாதாரணச் சொற்களை வாசிக்க அவனால் முடியவில்லை. எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் குறிப்பு இருக்கிறது. நூற்றாண்டைத் தாண்டிய அந்த ஆசிரியரின் கவனிப்பு இன்றைக்கும் பொருந்துகிறது.

அறிவுத்திறன் குறைவதால் இது வருவதில்லை. கண்நோயும் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை. குடும்பத்தில் தொடரும் தன்மை இதற்கு வலுவாக உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு கணிசமாக உயர்கிறது. டிஸ்லெக்சியா உள்ள 50,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு, இதோடு தொடர்புள்ள 42 மரபணு இடங்களைக் கண்டறிந்தது. எனவே, "நானும் சிறு வயதில் எழுத்து ஏறாமல்தான் வெள்ளிப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன்" என்று சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தந்தை ஒருவர் சொன்னால், அதைப் பழங்கதையாகத் தள்ளிவிடக் கூடாது. வறுமையால் பள்ளியை விட்டவர்களும் ஏராளம் என்பது உண்மையே. ஆனாலும் பரிசோதிப்பவர் முதலில் கேட்டறிய வேண்டிய தகவல் அது.

உலக அளவில் 5 முதல் 10 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. 40 பேர் உள்ள வகுப்பென்றால் இரண்டு முதல் நான்கு குழந்தைகள்.

தமிழ் எழுத்தில் அது போடும் வேடம்

டிஸ்லெக்சியா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எழுத்தைத் தலைகீழாக எழுதுவது. இந்தப் படம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கே 'பி', 'டி' என்ற சிற்றெழுத்துகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். தமிழில் அத்தகைய இணைகள் இல்லாததால், தலைகீழ் எழுத்துக்காகக் காத்திருக்கும் பெற்றோர் கடைசிவரை எதையும் காணமாட்டார்கள். ஆங்கிலத்திலும்கூட ஏழு வயது வரை எழுத்து திரும்புவது பல குழந்தைகளிடமும் காணப்படுவதுதான்.

தமிழில் குழந்தை சந்திக்கும் சிக்கல் வேறு வகையானது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். உயிர்மெய்யில் ஒலியின் வரிசையும் எழுதும் வரிசையும் ஒத்துப்போவதில்லை. 'கெ' என்பதில் ககர ஒலி முதலில் வருகிறது, ஆனால் ஒற்றைக்கொம்பை முதலில் எழுதுகிறோம். 'கொ' என்பதில் குறியீடு இரண்டு பக்கமும் நிற்கிறது. உகர வரிசையைப் பாருங்கள்: கு, டு, மு ஒரு வகை; சு, பு, வு இன்னொரு வகை; து, நு, லு மூன்றாவது வகை. ஒரே உகரத்துக்கு மூன்று தோற்றங்கள். ஒலியும் வடிவமும் பொருந்துவதில் ஏற்கெனவே தடுமாறும் குழந்தைக்கு இது பெரிய சுமை.

இதோடு, ஓர் எழுத்து பல ஒலிகளைச் சுமக்கிறது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் உள்ள ககரத்தைச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பேச்சுக்கும் நூல் வழக்குக்கும் உள்ள தொலைவு இதற்கு மேல். வீட்டில் 'வாழப்பழம்' என்று கேட்ட காது, புத்தகத்தில் 'வாழைப்பழம்' என்று கூட்ட வேண்டியிருக்கிறது.

அதே வேளையில் தமிழுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. குறியீடுகள் கைவந்துவிட்டால், முன்பின் பார்த்திராத சொல்லையும் கூட்டி வாசித்துவிடலாம். ஆங்கிலம் அவ்வாறு இல்லை. அங்கே 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைத் தம்மிடையே பங்கிட்டுக்கொள்கின்றன. இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று முக்கியமானது. மூன்று மொழியினரின் மூளையிலும் ஒரே வகைக் குறைபாடு தெரிந்தது. ஆனால் எழுத்தும் ஒலியும் சீராகப் பொருந்தும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். அத்தகைய மொழிகளில் டிஸ்லெக்சியா பெரும்பாலும் பிழையாக வெளிப்படுவதில்லை, வாசிப்பு வேகத்தின் குறைவாக வெளிப்படுகிறது.

நம் பள்ளிகளில் இது தப்பித்துப்போவதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். குழந்தை எப்படியோ கூட்டி வாசித்துவிடுகிறது. "வாசிக்கத் தெரிகிறது, ஆனால் சோம்பேறி" என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் கவனிக்க வேண்டியவை இவை:

1. முதல் வரியில் கூட்டி வாசித்த அதே சொல்லை நான்காம் வரியிலும் புதிதாகக் கூட்டுவது. மற்றக் குழந்தைகள் சில முறை பார்த்ததும் சொல்லை அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்தக் குழந்தைக்கு அது நிகழ்வதில்லை.

2. துணைக்கால், நெடிலைக் காட்டும் கோடு, ஒற்றெழுத்து ஆகியவற்றைத் தொடர்ந்து விடுவது. 'பால்' என்பது 'பல்' ஆகிறது, 'ஏடு' 'எடு' ஆகிறது, 'பட்டம்' 'படம்' ஆகிறது.

3. முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது: 'மருந்து' என்ற இடத்தில் 'மரம்'.

4. பாடத்தைப் பிறர் வாசித்துக் காட்டினால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வது. தானே வாசித்தால் ஒன்றும் மனத்தில் தங்காமல் போவது. இதைத் தவறவிடக் கூடாது.

ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் மட்டும் இருந்தால் அதை அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அந்தப் பிழைகள் பட்டதாரிகளிடமும் உண்டு. அவசரமும் கூடாது. கன்னட எழுத்து கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், அந்த எழுத்துத் தொகுதி முழுவதும் கைவரச் சாதாரணக் குழந்தைகளுக்கே சில ஆண்டுகள் ஆவதைக் காட்டியிருக்கிறார். உயிர்மெய் முறையில் அமைந்த தமிழுக்கும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்பில் தடுமாறுகிற குழந்தைக்கு உதவி தேவை, பெயர்ச்சீட்டு தேவையில்லை.

வாசிக்காத எல்லாக் குழந்தைக்கும் டிஸ்லெக்சியா இல்லை

சேலம் மாவட்டத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியம். சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கும் மாதங்கள் பள்ளியாண்டின் நடுவே வருகின்றன. தோட்டத்துக்குப் போகும் பெற்றோரோடு பிள்ளையும் போனால் வாரக்கணக்கில் வகுப்பு விடுபடுகிறது. ஐந்து வகுப்புகளை இரண்டே ஆசிரியர்கள் நடத்தும் பள்ளியில் விட்டதைப் பிடிக்க நேரமிருக்காது. மலைவாழ் மக்களின் பேச்சுவழக்குக்கும் பாடநூல் மொழிக்கும் உள்ள இடைவெளியும் பெரிது. நகரத்தில் அம்மாபேட்டை போன்ற நெசவுப் பகுதிகளில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் பள்ளியில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறார்கள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. எழுத்தறியும் பருவத்தில் அந்த இடைவெளி விழுந்த குழந்தைகள் இப்போது மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். காதில் அடிக்கடி சீழ் பிடிப்பதால் கேட்கும் திறன் குறைந்த பிள்ளையும், கண்ணாடி தேவைப்படும் பிள்ளையும்கூட வாசிப்பில் பின்தங்கும்.

பிரித்தறிய ஒரு நேர்மையான வழி உண்டு. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு நாள்தோறும், சிறு குழுவில், எழுத்தையும் ஒலியையும் அடிப்படையிலிருந்து ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும். வாய்ப்புக் கிடைக்காமல் பின்தங்கிய குழந்தை இந்தக் காலத்தில் விரைந்து முன்னேறும். அதே கற்பித்தல் கிடைத்தும் அங்குலம் அங்குலமாக நகரும் குழந்தைக்கு முழுப் பரிசோதனை தேவை. இதில் யாருக்கும் இழப்பில்லை, ஏனென்றால் இரு வகைக் குழந்தைகளுக்கும் தேவைப்படுவது இதே கற்பித்தல்தான்.

கவனிக்காமல் விட்டால்

முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து, கற்பதற்காக வாசிக்க வேண்டியிருக்கிறது. பின்னடைவு பெருகுவது இந்தத் திருப்பத்தில்தான். சூழ்நிலையியலும் சமூக அறிவியலும் வாசிப்பை நம்பி நிற்பவை. கணக்கில் கெட்டியான பிள்ளையும், "ஒரு கடைக்காரர் 12 கூடை மாம்பழம் வாங்கினார்" என்று தொடங்கும் வாழ்க்கைக் கணக்கில் விழுந்துவிடும். அது கணக்குப் பிழையாகவே மதிப்பெண் பட்டியலில் பதிவாகும். புதிய சொற்களைக் குழந்தைகள் பெருமளவு வாசிப்பிலிருந்தே பெறுகிறார்கள். குறைவாக வாசிக்கும் குழந்தையின் சொல்வளம் குறைவாக வளர்கிறது, அதனால் அடுத்த பாடம் மேலும் கடினமாகிறது. எட்டு வயதில் எழுத்தோடு மட்டும் இருந்த சிக்கல், பன்னிரண்டு வயதில் அறிவு வளர்ச்சியையே தொட்டுவிடுகிறது.

மனத்தில் நடப்பது இதைவிடக் கொடியது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும்போது சிரிப்பொலி கேட்கிறது. 'மக்கு' என்ற சொல் ஆசிரியர் வாயிலிருந்தோ வீட்டிலோ வந்தால், குழந்தை அதை நம்பிவிடுகிறது. தமிழ்ப் பாடவேளைக்கு முன்னால் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரணமற்ற அழுகை, வகுப்பில் கோமாளித்தனம், முரட்டுத்தனம் எனக் குழந்தைக்குக் குழந்தை இது வேறுபடும். கலகக்காரப் பையன் எளிதில் கண்ணில் படுவான். அமைதியாகப் பின்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடும் பெண்குழந்தையை யாரும் கவனிப்பதில்லை. அவளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் கிடையாது. குழந்தையை அதே வகுப்பில் மறுபடி உட்காரவைப்பதால் வாசிப்பு வந்துவிடாது என்பதால் அந்தக் கொள்கையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் வாசிப்பைத் தனியாகச் சோதித்துப் பார்க்காவிட்டால், சிக்கல் ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே வரும். பலர் பள்ளியை விட்டு வேலைக்குப் போவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

ஆங்கில வழியிலிருந்து தமிழ் வழிக்கு மாற்றினால் சரியாகிவிடுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். டிஸ்லெக்சியா மறைந்துவிடாது. ஆனால் எழுத்தும் ஒலியும் பொருந்துகிற, தனக்குப் பொருள் புரிகிற மொழியில் முதலில் வாசிக்கக் கற்பது அந்தக் குழந்தைக்கு எளிது. வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாத நிலையில் இதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

எது உதவும், எது உதவாது

மருந்து எதுவும் கிடையாது. நினைவாற்றல் டானிக், வண்ணக் கண்ணாடி, கண்பயிற்சி என்று பணம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்லெக்சியாவுக்குக் கண்பயிற்சியோ வண்ணக் கண்ணாடியோ பயன்தரும் என்பதற்குச் சான்றில்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள். பிழையான சொல்லை ஐம்பது முறை எழுதவைக்கும் இம்போசிஷன் கையைத்தான் வலிக்கச் செய்யும்.

உதவுவது கற்பித்தல் முறை மட்டுமே. அதன் இயல்புகள்:

1. ஒலியிலிருந்து தொடங்குவது. எழுத்தைக் காட்டும் முன் வாயாலும் காதாலும் சொற்களைப் பிரித்துச் சேர்க்கும் விளையாட்டு. "ஏழைக் கிழவன் வாழைப்பழத்தோல் வழுக்கி விழுந்தான்" போன்ற நாப்பழக்கத் தொடர்கள் இதற்கு அருமையான கருவிகள்.

2. ஒரு நேரத்தில் ஒரே குறியீடு. துணைக்கால் கைவந்த பிறகே கொம்பு. 'ப் + ஆ = பா' என்று பின்னால் இலக்கணமாகச் சொல்லித்தருவதை, இந்தக் குழந்தைகளுக்கு முதல் வாசிப்புப் பாடமாகவே வைக்கலாம்.

3. பார்ப்பது, கேட்பது, சொல்வது, மணலில் விரலால் எழுதுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது.

4. நாள்தோறும் அரை மணி நேரம். வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது.

வீட்டில் செய்யக்கூடிய பெரிய உதவி, பாடத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது. வாசிப்பு தாமதமாகலாம், அறிவு தாமதமாக வேண்டியதில்லை. படிக்காத தாயும் கைபேசியின் ஒலிவாசிப்பு வசதியைக் கொண்டு இதைச் செய்ய முடியும்.

சட்டமும் சான்றிதழும்

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 7-இலிருந்து 21-ஆக உயர்த்தியபோது குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்தது. அதன் 16-ஆம் பிரிவு, இக்குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் நடவடிக்கை எடுப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகிறது. சலுகைச் செய்திகளில் இந்தப் பிரிவை யாரும் குறிப்பிடுவதில்லை. தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பது உரிமை. ஆறு வயதில் சரியான கற்பித்தல் கிடைப்பதும் உரிமைதான்.

2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி, 8 வயது நிறைந்த பிறகே சான்றிதழ் தரப்பட்டது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டியிருந்தது. 18 வயதில் தரப்படுவது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றிருந்தது. 2024-இல் நெறிமுறைகள் திருத்தப்பட்டிருப்பதால் விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. எட்டு வயது வரம்பு சான்றிதழுக்கு மட்டுமே. "எட்டு வயதாகட்டும், பார்க்கலாம்" என்று கற்பித்தலையும் ஒத்திவைப்பது அந்த விதியைத் தவறாகப் புரிந்துகொள்வது.

மதிப்பீட்டில் மொழியும் ஒரு சிக்கல். இந்திய மொழிகளுக்கென மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய, டிஸ்லெக்சியாவைக் கண்டறிய உதவும் 'டாலி' கருவி 2015-இல் வந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இருந்தது. அந்த முதல் வரிசையில் தமிழ் இல்லை. தமிழ் வழியில் படிக்கும் குழந்தையை ஆங்கிலச் சொற்பட்டியலால் அளந்தால் கிடைக்கும் முடிவு குழந்தையைப் பற்றியதாக இருக்காது. எந்த மொழியில் சோதிக்கப் போகிறீர்கள் என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

சேலத்தில் வழி இப்படி அமைகிறது. அரசுப் பள்ளியென்றால் முதலில் வகுப்பாசிரியர், பிறகு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர். மருத்துவ மதிப்பீட்டுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மதிப்பீடு ஒரே அமர்வில் முடியாமல் போகலாம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும் தாய்க்கு ஒவ்வொரு அமர்வும் ஒரு நாள் கூலி. எந்தெந்த ஆவணங்கள் வேண்டும், எத்தனை அமர்வுகள் ஆகும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புவது அவசியம். பிறப்புச் சான்று, கண், காது பரிசோதனை முடிவுகள், ஆசிரியரின் எழுத்துமூலக் குறிப்பு, முந்தைய வகுப்புகளின் தமிழ், கணக்கு நோட்டுகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் வேலை விரைவாக முடியும். ஆண்டு முடிந்ததும் அந்த நோட்டுகளைப் பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிடாமல் வகுப்புவாரியாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் மறுமதிப்பீட்டிலும் அவற்றைக் காட்டலாம்.